இளவயதுக் கோளாறு மட்டும்தானா?
சாலை விதிமீறலுக்கு வேர் இளைஞர்களின் மனப்போக்குதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. ஆனால் அந்த மனப்போக்கு வயதோடு மட்டும் வருவதில்லை. எங்கள் தருமபுரிப் பக்கம் தொப்பூர் கணவாயில், சேலம் நோக்கி இறங்கும் சரிவில், டீசல் மிச்சமாகும் என்று லாரியை நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் எல்லாரும் இளவட்டங்களா? ஸ்டீயரிங் பிடித்தே தலை நரைத்தவர்களும் உண்டு. கியர் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, 'இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே' என்ற தைரியம். பையன்களும் இதைத்தான் பார்த்து வளர்கிறார்கள். பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிறவனுக்கு டியூஷன் போக பைக் சாவியை எடுத்துக் கொடுப்பதே அப்பாதான். ஹெல்மெட் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் தலைக்கு ஏறும். அபராதத்தை ஏற்றினால் அடங்குவார்கள் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் என்று 2022 அக்டோபரிலேயே ஏற்றியாகிவிட்டது, அப்புறம் என்ன மாறியது? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து என்றே இருக்கிறது. முதலில் அதை அப்பாக்கள் மேல் போடட்டும். எங்கள் தெருப் பையன்களைப் பிடித்தபோதெல்லாம் திட்டி அனுப்பியதோடு சரி.