தாள் மக்கவில்லை என்று மண்ணைக் குறை சொல்லாதீர்கள்

அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் நெல், கோதுமை, மக்காச்சோளத் தாள்களைக் காட்டி, "இவை எளிதில் மக்காது, கொளுத்துவதைத் தவிர வேறு வழியில்லை" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. தாள் அப்படியே கிடப்பதற்குப் பெரும்பாலும் மண்ணில் நுண்ணுயிர்கள் இல்லாதது காரணமல்ல. அவற்றுக்கு வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் கிடைக்காததே காரணம்.

நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 8 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. உண்ணும் கரிமத்தில் பெரும்பகுதியை அது கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடுவதால், அதன் உணவில் 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவைப்படுகிறது. கோதுமை வைக்கோலிலோ ஏறத்தாழ 80 பங்குக்கு ஒரு பங்குதான் உண்டு. குறைபடும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. தாளை மடக்கி உழுத கையோடு விதைத்த பயிர் வெளிறி மஞ்சளாக நிற்பது இதனால்தான். அந்தச் சத்து எங்கும் தொலைந்துவிடவில்லை. நுண்ணுயிர்கள் மடிந்து சிதையும்போது அது மீண்டும் பயிருக்கு வந்து சேரும் என்பதால், சில வாரங்கள் பொறுத்து விதைப்பதோ, உழவின்போது கொஞ்சம் தழைச்சத்து இடுவதோ போதுமானது.

தாளில் உள்ள சர்க்கரைகளை வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் முதலில் தின்று தீர்க்கின்றன. சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்து உருவான செல்லுலோஸை உடைப்பதில் டிரைக்கோடெர்மா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வல்லவை: ஒரு நொதி நீண்ட சங்கிலியை இடையில் வெட்ட, இன்னொன்று வெட்டிய முனைகளிலிருந்து இரண்டிரண்டு சர்க்கரைகளாகக் கழற்ற, மூன்றாவது அவற்றைக் குளுக்கோஸாகப் பிரிக்கிறது. (இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் படையினரின் பருத்தித் துணிகளை அரித்த பூஞ்சையும் ஒரு டிரைக்கோடெர்மாதான்.) தண்டுக்கு உறுதி தரும் லிக்னின்தான் கடைசிவரை எதிர்த்து நிற்பது, அதனை முழுமையாகச் சிதைக்க வல்லவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். நெல் தாளில் சிலிக்காவும் மிகுதி என்பதால் அது இன்னும் மெதுவாக மக்குகிறது.

புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கலவைகளை நான் எதிர்க்கவில்லை. ஆனால் காய்ந்து கிடக்கும் முழுத் தாளின்மேல் அவற்றைத் தெளித்துவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது சரியல்ல. தாளைச் சிறிதாக நறுக்கி, மண்ணோடு கலந்து, ஈரம் காத்தாலே மண்ணில் ஏற்கெனவே உள்ளவை வேலையைத் தொடங்கிவிடும். ஈரம் என்பதற்காக நீரைத் தேக்கிவிடவும் கூடாது. காற்றில்லாச் சேற்றில் மக்கும் தாள் மீத்தேனையும், இளம் வேர்களைத் தாக்கும் கரிம அமிலங்களையும் உண்டாக்கும்.

கொளுத்தினால் சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி வயலில் தங்கலாம். தழைச்சத்தோ ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. நுண்ணுயிர்களுக்கு உணவாகியிருக்க வேண்டிய கரிமமும் அதனோடு போகிறது.