கிளிப்பை உடைத்துவிட்டு ‘செட் ஆயிடும்’ என்கிறார்கள்

காரில் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடை மாற்ற வேண்டும் என்றால்கூட நம்பி வண்டியை விட ஓர் ஆள் கிடைப்பதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் விசாரித்தாலும் இதே கதைதான், பாண்டிச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போனாலும் இதே கதைதான். கடை பெரிதாக இருக்கிறது, ஏசி போட்டிருக்கிறார்கள், சுவர் முழுக்க உட் ஃபினிஷ் டிரிம்மும் சீட் கவரும் தொங்குகின்றன. ஆனால் வண்டியில் கை வைப்பவருக்கு அந்தக் கதவு எப்படிக் கழலும் என்பதே தெரியவில்லை.

நம் ஊர் வெயிலுக்கு ரெக்சின் உரிவது புதிதில்லை. கடற்காற்றும் சேர்ந்து அடிக்கும் இடம் இது. கை வைக்கும் இடத்தில் உரிந்த அந்தத் துண்டை மட்டும் சர்வீஸ் சென்டரில் கேட்டேன். தனியாக வராது, முழு டோர் பேடாகத்தான் வாங்க வேண்டும், அதையும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்ததற்கு முழுக் கதவின் உட்புறத்தையும் காசு கொடுத்து வாங்கச் சொல்வது என்ன நியாயம்? சாதாரணமாக வண்டி வைத்திருப்பவன் வெளிக்கடைக்குப் போகாமல் வேறெங்கே போவான்?

வெளிக்கடையில் ஃபிட்டிங் செய்த பையன் எடுத்தது சாதாரண ஸ்க்ரூடிரைவர். டோர் பேடை நெம்புவதற்கென்றே பிளாஸ்டிக் டூல் இருக்கிறது. பெரிய விலையும் இல்லை. பேடின் ஓரம் முழுக்கப் பின்னால் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே டூலை விட்டு மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். இரும்பை விட்டு ஒரே நெம்பு நெம்பினால் கிளிப்பும் உடையும், கிளிப் உட்காரும் மேடையும் பிய்ந்துவிடும். கிளிப் சில ரூபாய்தான், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மேடை பிய்ந்தால் அந்தப் பேடே போச்சு. இப்போது மேடு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கதவு கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கேட்டால் “போகப் போக செட் ஆயிடும் சார்” என்கிறார் கடைக்காரர். உடைந்த பிளாஸ்டிக் எப்படி ஐயா செட் ஆகும்?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது அந்த ஷீட் விஷயம். டோர் பேடுக்குப் பின்னால் இரும்புக் கதவை மூடி ஒரு ஷீட் இருக்கும். பல வண்டிகளில் வெறும் பிளாஸ்டிக், சுற்றிலும் கறுப்புப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீரில் கொஞ்சம் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லாக் காரிலும் அப்படித்தான். உள்ளே இறங்கியது கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். அது நாம் உட்காரும் பக்கம் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். அதைக் குப்பை என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேடை மாட்டியிருக்கிறார்கள்! வெயில் காலத்தில் எதுவும் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்ல வேண்டுமா? கார்ப்பெட் சொதசொதவென்று ஊறி, அடியில் இருக்கும் ஃபோம் காயாமல் நாறி, வண்டியில் ஏறினாலே குமட்டுகிறது. வேறொரு மெக்கானிக் கதவைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் காரணமே தெரிந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த ஒரு பொருளைத் தூக்கி எறிய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கழற்றிய பழைய பேடையும் கேட்டேன். “அது எதுக்கு சார், அப்பவே போட்டாச்சு” என்று பதில். என் பொருள் அது!

டேஷ்போர்டில் ஒட்டிய மர டிசைன் பட்டையும் வெயிலில் நிறுத்தியதும் ஓரம் தூக்கிக்கொண்டது. டேப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கார் உள்பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், கழற்றித் திருப்பினால் பின்னால் ‘பிபி’ என்று அச்சாகியிருக்கும். அதன்மேல் பசை லேசில் பிடிக்காது. சுத்தமாகத் துடைத்து, பசை பிடிப்பதற்கான பிரைமர் தடவி, அப்புறம்தான் டபுள் சைடு டேப் ஒட்ட வேண்டும். இங்கே சட்டைத் துணியால் ஒரு துடைப்பு, அத்தோடு வேலை முடிந்தது.

இதெல்லாம் காசு நஷ்டத்தோடு போகிறது. சீட் கவரில் உயிரோடு விளையாடுகிறார்கள். பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் முன் சீட்டின் சாய்மானத்துக்குள், கதவு பக்கமாக இருக்கிறது. சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணி லேபிளே தைத்திருப்பார்கள். மோதினால் சில மில்லி வினாடிகளில் தையலைப் பிளந்துகொண்டு அது வெளியே வர வேண்டும். அதன்மேல் தடித்த ரெக்சினை இறுக்கி இழுத்துத் தைத்தால் எப்படி விரியும்? என் மச்சான் வண்டிக்குப் போட்டபோது இதைக் கேட்டேன். “எல்லா வண்டிக்கும் இதுதான் சார் போடுறோம், ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர். லேபிள் எங்கே இருக்கிறது என்றுகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

காலடியில் விரிக்கும் ‘மேட்’ விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவில் சான் டியாகோ அருகே 2009 ஆகஸ்டில் ஒரு லெக்சஸ் காரில் வேறு மாடலின் மேட்டைப் போட்டிருந்தார்கள். அதில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு வண்டி நிற்காமல் ஓடி நான்கு பேர் செத்தார்கள். அடுத்த மாதமே மேட் பிரச்சினைக்காக டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் (சரிசெய்யத் திரும்ப அழைப்பது) அறிவித்தது. இங்கே இன்னும் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லி, கத்தரியால் ஓரத்தை வெட்டி, கொக்கிகூட மாட்டாமல் பெடலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

கூலி இன்னும் ஐந்நூறு கூடக் கேளுங்கள், தருகிறேன். கிளிப்பை எண்ணிக் கழற்றி எண்ணி மாட்டுங்கள். ஷீட் கிழிந்தால் புது ஷீட் ஒட்டிவிட்டுப் பேடை மூடுங்கள். கழற்றியதை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுங்கள். சீட் கவர் விற்றால், எந்த மாடலுக்கு, ஏர்பேக் பக்கம் திறப்பு விட்டிருக்கிறதா என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கவரை என் வீட்டு வண்டி எதிலும் போட விட மாட்டேன்.