மாரியோவின் மீசைக்குக் காரணம் இத்தாலி அல்ல

போன ஞாயிறு டெல்லி கரோல் பாக்கில் நண்பர் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வீடியோ கேம் நாயகன் மாரியோ இத்தாலியன், அதனால்தான் மீசை என்று அவருடைய மகன் அடித்துச் சொன்னான். கதை நேர்மாறானது தம்பி.

1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக, ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ இவனை உருவாக்கியபோது அவருக்குக் கிடைத்த இடம் திரையில் 16-க்கு 16 புள்ளிகள். அதற்குள் வாய் வரைந்தால் யாருக்கும் தெரியாது. மூக்கைப் பெரிதாக்கி, அதன் கீழே மீசையை வைத்து வாய்ப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டார். குதிக்கும்போது முடி பறக்க வேண்டுமே என்ற தொல்லைக்குத் தொப்பி. வீசும் கை உடம்போடு கலந்துவிடாமல் இருக்கச் சட்டைக்கு ஒரு நிறம், அதன்மேல் மாட்டிய ஓவராலுக்கு வேறொரு நிறம். அப்போது அவன் குழாய் வேலைக்காரனும் இல்லை. தச்சன், பெயர் ஜம்ப்மேன். நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலியின் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. வாடகை பாக்கி கேட்டு அவர் போட்ட சத்தம்தான் காரணம் என்பார்கள். ஆக, மீசை முளைத்த பிறகு வந்த பெயர்தான் இத்தாலியையும் கூட்டிவந்தது.

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். கடைசி நேரத்தில் சேர்த்த கூம்பா என்ற காளான் வில்லனுக்கு நடை வேண்டும், இடமோ இல்லை. ஒரே படத்தை இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டினார்கள், நடந்துவிட்டது. இந்தக் கஞ்சத்தனத்தை நான் கலை என்றே சொல்வேன். பல கோடி செலவழித்து இன்று வரும் நாயகர்களில் எத்தனை பேரை நிழலை வைத்தே அடையாளம் சொல்ல முடியும்?

தொண்ணூறுகளில் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் யாரிடமும் அசல் நிண்டெண்டோ விளையாட்டுப் பெட்டி கிடையாது. பாலிகா பஜாரில் பேரம் பேசி வாங்கிய நகல் பெட்டியும், ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டையில் பீற்றிக்கொண்ட மஞ்சள் கேசட்டும்தான். உள்ளே இருந்தவை நாலைந்து விளையாட்டுகளே. அவையே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. கோடையில் மின்சாரம் போனால் மறுபடி முதல் கட்டம். என் பாட்டிக்கு விளையாட்டின் பெயரே தெரியாது. "மீசைக்காரன் இன்றைக்கும் பள்ளத்தில் விழுந்துவிட்டானா?" என்று கேட்பார். மியாமோட்டோவின் கணக்கு சரியாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நகல் பெட்டியைத் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது இல்லாமல் எங்கள் குடியிருப்புக்குள் மாரியோ நுழைந்திருக்க வழியில்லை.

இப்போது ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக வரையும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் மீசையில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தொப்பியின் கதை இன்னும் வேடிக்கை. 1996-ல் வந்த 'சூப்பர் மாரியோ 64'-ல் தொப்பியைத் தொலைத்தால் அவனுக்குச் சேதம் கூடுதல். 2017-ன் 'ஒடிசி'யிலோ தொப்பிக்கே கண் வைத்து, பெயர் வைத்து, கூடவே சுற்றும் தோழனாக்கிவிட்டார்கள். முடி வரையச் சோம்பல்பட்டு வைத்த தொப்பிக்கு இவ்வளவு பெரிய பதவி உயர்வு.