காஸ் பில் இல்லாத அண்ணையும் ஜிபியும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு மேல்மாடி அறையில் மூன்று பேரோடு இருக்கிறார், எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர். அகதி அந்தஸ்து கேட்ட அசைலம் கேஸ் றிஜெக்ட், அப்பீலும் முடிந்துவிட்டது. சீனி வருத்தம் வேறு. குளிசைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊருக்குப் போய் வாற ஆக்களிட்டைச் சொல்லி எடுப்பிக்கிறனான் தம்பி."

லண்டனுக்கு வந்து பதினொரு வருடம். ஒரு நாளும் ஜிபியிடம் (குடும்ப டொக்டர்) போனதில்லை. போனால் விசா, குடிவரவு பார்க்கிற ஹோம் ஒபிசுக்குத் தகவல் போய்விடும் என்ற பயம்.

அதை வெறும் கதை என்று தள்ளவும் முடியாது. அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ் பதிவுகளில் இருந்து ஆட்களின் விலாசத்தை ஹோம் ஒபிஸ் எடுக்க 2017 இல் ஒப்பந்தமே நடைமுறைக்கு வந்திருந்தது. எதிர்ப்பு வலுத்து, 2018 இல், பாரதூரமான குற்றங்கள் தவிர மற்றதுக்கு நிறுத்தினார்கள். நிறுத்திய செய்திதான் எங்கள் ஆட்களிடம் வந்து சேரவில்லை.

இங்கிலாந்தில் யாரும் ஜிபியிடம் பதியலாம். காசு இல்லை, விசாவும் காட்டத் தேவையில்லை. பாஸ்போர்ட், விலாச அத்தாட்சி கேட்பார்கள்; அவை இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் 14 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் தரவேண்டும்.

ஆனால் கவுண்டரில் நடப்பது வேறு. அண்ணையை ஜிபியில் பதியக் கூட்டிக்கொண்டு போனேன். "பாஸ்போர்ட்டும் காஸ் பில்லும் கொண்டு வாங்கோ" என்றது ரிசப்ஷனில் இருந்த எங்கட பிள்ளை. நாலு பேர் படுக்கிற அறையில் இவருடைய பெயருக்கு எந்த பில் வரும்? அந்தப் பிள்ளையில் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. போனில் என்எச்எஸ் இங்கிலாந்தின் விதியைக் காட்டினேன். மனேஜர் வந்து பார்த்துவிட்டு ஜிஎம்எஸ்1 என்ற பதிவுப் படிவத்தைத் தந்தார். இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அண்ணை என்னையே பார்த்தார்.

2021 பெப்ரவரியில் கோவிட் ஊசிக்கு விசா பார்க்க மாட்டோம் என்று அரசாங்கமே அறிவித்தது. சரி, நல்ல விஷயம். ஆனால் ஊசிக்கு வரச்சொல்லி மெசேஜ் போனது ஜிபியில் பதிந்தவர்களுக்குத்தானே? பதியாதவருக்கு யார் அனுப்புவது? இவரோடு இருந்த ஒருவரும் அந்த நேரம் ஊசி போடவில்லை. ரெஸ்டோரண்ட் குசினியில் நின்று ஊருக்கே சமைத்தவர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஜிபி வேறு, ஆஸ்பத்திரி வேறு. அவசரப் பிரிவு, காசநோய், எச்ஐவி, கோவிட் எல்லாம் எல்லோருக்கும் இலவசம். மற்றைய பல சிகிச்சைகளுக்கு விசா இல்லாதவரிடம் என்எச்எஸ் விலையின் 150 வீதம் கேட்பார்கள். 500 பவுண்ஸோ அதற்கு மேலோ இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் ஹோம் ஒபிசுக்கு அறிவிக்கலாம். ஆளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைச் சொல்லித்தான் கூட்டிப் போகவேண்டும். சந்தேகம் என்றால் டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் என்ற தொண்டு நிறுவனத்து ஆட்களிடம் கேளுங்கள். இந்த வேலையைத்தான் செய்கிறார்கள், விசா கேட்க மாட்டார்கள்.

எங்களில் கனபேருக்கு இங்கிலீஷ் தெரியும், பாஸ்போர்ட்டும் இருக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்குக் காசு எழுதுகிறோம். ஒருவரோடு ஒரு காலைநேரம் கவுண்டரில் போய் நிற்க மட்டும் நேரமில்லை என்கிறோம். நானும் இவரைத் தெரிந்து நாலு வருடம் கழித்துத்தான் போனேன்.

போன கிழமை அண்ணைக்கு ஃப்ளூ ஊசி போட வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. அதை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பி, "தம்பி, இது உண்மையோ, ஸ்கேமோ?" என்று கேட்டிருந்தார்.