சுடப்பட்டவர் டயர் அல்ல
"ஜாலியன்வாலா பாக்கில் சுட்ட ஜெனரல் டயரை உத்தம் சிங் லண்டனுக்கே போய்ச் சுட்டார், கர்மா சும்மா விடுமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் மாறிப்போச்சு. 1940 மார்ச் 13 அன்று காக்ஸ்டன் ஹாலில் சுடப்பட்டவர் மைக்கேல் ஓ'டயர். 1919-இல் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர், அந்தப் படுகொலையைச் சரியென்று சொன்னவர். கூட்டத்தின் மீது 1,650 ரவுண்டு சுடவைத்த ரெஜினால்ட் டயர் வேறு ஆள். அவர் 1927-லேயே நோயில் விழுந்து இங்கிலாந்தில் இறந்துவிட்டார். பதவி போனது உண்மை. ஆனால் வழக்கு, சிறை எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை அவருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் வசூல் செய்து கொடுத்தது (அந்தக் காலத்துப் பவுண்டு!). தூக்கில் தொங்கியது உத்தம் சிங்தான், அதே 1940 ஜூலை 31-இல், பென்டன்வில் சிறையில்.