லாம்போ குளிருக்கு இரண்டு சாக்ஸ் உதவாது

அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் ஆட்டத்தை அதன் திறந்தவெளி அரங்கமான லாம்போ ஃபீல்டில் டிசம்பரில் நேரில் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி, விரலை அசைக்க இடம் விடும் பூட்ஸ், அவ்வளவுதான். பருத்தி கூடவே கூடாது. கார் நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, உட்கார்ந்ததும் சில்லிட்டுப்போகும்.

குளிர் முதலில் ஏறுவது கீழிருந்துதான். லாம்போ ஃபீல்டில் பெரும்பாலும் அலுமினிய பெஞ்ச், காலடியில் கான்கிரீட். அதனால் பழைய ரசிகர்கள் தடிமனான அட்டை ஒன்றைக் காலுக்கடியில் போட்டுக்கொள்வார்கள். பீர் சிந்தி நனைந்தால் அட்டையால் பயனில்லை, மாற்று ஒன்று வேண்டும். பூட்ஸுக்குள் வைக்கும் சூடு தரும் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள்; காற்று பட்டால்தான் சூடாகும். பூட்ஸுக்குள் போனபின் பிரித்தால் வேலை செய்யாது, கால் மணி நேரம் முன்பே பிரியுங்கள். வெறும் தோலில் ஒட்டாதீர்கள், சுட்டுவிடும்.

அரங்குக்குள் கொண்டுபோகும் பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக, 12x6x12 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். போர்வையைப் பையில் திணிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போங்கள்.

1967 டிசம்பர் 31 அன்று இதே அரங்கில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் வெப்பநிலை மைனஸ் 25 செல்சியஸ். நடுவர்களின் விசில் உறைந்துபோய், வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். அன்றும் அரங்கம் நிரம்பியிருந்தது. இந்த ஊர் ரசிகர்களைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்திருக்கலாம்.