2046-க்குத் திட்டம் தயாராகிறது, இன்றைக்கு லாரி வரவில்லை

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் தூக்கி மூங்கில் கழியை உள்ளே விட்டேன். வெளியே எடுத்தபோது ஒரு சாண் உயரத்துக்குத்தான் ஈரம். 'மோட்டார் போடலாம்' என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டிருக்கிறோம், அது அதற்கும் இரண்டு அடி மேலே இருந்தது. 72 வீடுகள். நேற்றிரவு வரவேண்டிய இரண்டு லோடும் வரவில்லை. லாரிக்காரரை ஏழு முறை அழைத்தேன். எட்டாவது முறை எடுத்து, "பதினொரு மணிக்குப் பார்க்கலாம் சார்" என்றார். பதினொரு மணிக்கு யார் பள்ளிக்கூடம் போகிறார்கள்?

இந்த ஆண்டு நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். யாரும் கைதூக்காததால் என் தலையில் கட்டிய பதவி. ஆறு மணி முதல் கதவு தட்டல்கள். தலையில் ஷாம்பு நுரையோடு ஒருவர் பால்கனியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், என்னவோ காவிரியை நான் மறித்து வைத்திருப்பதுபோல.

இந்த லட்சணத்தில், சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிறதாம். 2026 முதல் 2046 வரை. நல்லது, தயாரியுங்கள். ஆனால் இந்த ஊரில் தண்ணீர்த் திட்டம் என்றாலே 'எங்கிருந்து கொண்டுவருவது' என்ற ஒரே கேள்விதான். யார் வீட்டுக்கு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம், கொடுக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டுப்பாருங்கள். கூட்டமே ஊமையாகிவிடும்.

கொண்டுவந்த கதைக்குக் குறைவில்லை. 1983-இல் ஆந்திராவோடு ஒப்பந்தம், ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அது எல்லையைத் தொடவே 1996 ஆயிற்று. அப்புறமும் முழு 12 டி.எம்.சி. என்பது ஏட்டுச் சுரைக்காய். 2004-இல் வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய். 2010-இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், 2013-இல் நெம்மேலியில் இன்னொன்று, 2024-இல் அங்கேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டருக்கு மற்றொன்று. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு 2023-இலேயே அடிக்கல் நாட்டிவிட்டார்கள். இவற்றை நான் குறை சொல்லவில்லை. நெம்மேலி இல்லாத தென்சென்னையை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனால் கடல்நீரில் ஆயிரம் லிட்டரை நல்ல நீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போகிறது. மழை இலவசமாகக் கொட்டுவதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் பூண்டியும் வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த ரயில் மொத்தமும் செம்பரம்பாக்கத்திலிருந்து அன்று மூன்று வினாடியில் போன தண்ணீர்.

நகரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. வேண்டும் என்பது வாடிக்கையான கணக்கு. வீராணத்தையும் சேர்த்து எல்லா ஏரிகளும் தளும்பினாலும் 13 டி.எம்.சி. சொச்சம்தான். அதாவது ஒரு வருடக் கையிருப்பு, அதுவும் வெயில் குடித்தது போக. ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கதை முடிந்தது. இது பரம ரகசியமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற வகுத்தல்.

அப்படியிருந்தும் எல்லைக்கோட்டை மட்டும் ரப்பரைப்போல இழுக்கிறார்கள். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022-இல் பெருநகர்ப் பகுதியை 1,189-இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக்கினார்கள். வரைபடத்துக்கு மை போதும். குழாய்க்குப் பள்ளம் தோண்ட வேண்டும், நீரேற்று நிலையம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் தண்ணீர் வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தபோது இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். முதலில் வீடு, அடுத்து விளம்பரம், அதற்குப் பிறகு ஆள், கடைசியில் தண்ணீர். எங்கள் கட்டடத்தின் விளம்பரத் தாளில் நீச்சல் குளம் நீலமாக மின்னியது. இப்போது அதில் பூந்தொட்டிகளை அடுக்கியிருக்கிறோம்.

கலிஃபோர்னியாவில் 2001-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 500 வீடுகளுக்கு மேல் கட்ட வேண்டுமானால், வறண்ட ஆண்டுகளையும் சேர்த்து அடுத்த 20 ஆண்டுகளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். தண்ணீரைக் காட்டு, பிறகு கட்டு. அங்கேயும் வறட்சி வராமல் இல்லை, சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் வீடு விற்கும் முன்பே கேள்வி கேட்கிறார்கள். இங்கே கடன் தவணை பாதி கட்டிய பிறகு, கையில் மூங்கில் கழியோடு நான் கேட்கிறேன்.

தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று ஓர் அளவுகோல் பல காலமாகத் திட்டத் தாள்களில் இருக்கிறது. அது சராசரி. சராசரியில் நானும் குளித்துவிட்டேன்.

எங்கள் பக்கமும் அழுக்கு இல்லாமல் இல்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நல்ல காரியம். எங்கள் கட்டடத்திலும் அதற்கான குழி இருக்கிறது. போன மாதம் மூடியைத் திறந்து பார்த்தேன். உடைந்த டைல்ஸ், ஒரு பழைய கிரிக்கெட் மட்டை, முழங்கால் உயரத்துக்குக் குப்பை. மிக்ஜாம் புயலில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் ஏறியபோது இந்தக் குழிக்குள் ஒரு சொட்டு இறங்கியிருக்காது. சுத்தம் செய்ய ஆளுக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் பொதுக்குழுவில் மூன்று மணி நேரம் விவாதம். லாரிக்கு மாதாமாதம் அதைப்போலப் பல மடங்கை முணுமுணுப்போடு எடுத்துக் கொடுக்கிறோம்.

லாரி ஒன்றரை மணிக்கு வந்தது. ஒரே லோடு. இரண்டாவது எங்கே என்று நான் பாய்ந்தேன். ஓட்டுநர் பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிராமத்தில் மறித்துவிட்டார்கள் என்றான். தெற்கே விவசாயக் கிணற்றில் எடுக்கிற தண்ணீர் அது. ராப்பகலாக உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக் கிணறும் வற்றத்தானே செய்யும்? பெண்கள் குடங்களைச் சாலையில் வரிசையாக வைத்து உட்கார்ந்துவிட்டார்களாம். நானாக இருந்தால் வண்டிச் சக்கரத்தின் காற்றையே பிடுங்கியிருப்பேன். எந்தத் திட்டத்தாளிலும் இல்லாத ஏரி அந்தக் கிணறு. நகரம் தன் கடமையைச் சத்தமில்லாமல் அந்தப் பெண்கள் தலையில் இறக்கி வைத்திருக்கிறது, வாங்கிக் குளிக்கிறவர்கள் நாங்கள்.

குழாயை சம்ப்புக்குள் இறக்கினான். இணைப்பில் துணி சுற்றியும் தண்ணீர் விசிறியடித்தது. முதல் மாடிப் பாட்டி ஒன்றும் பேசாமல் வாளியைக் கொண்டுவந்து அதன் கீழே வைத்துவிட்டு, நிறையும்வரை பக்கத்திலேயே நின்றார். மறுபடி கழியை விட்டுப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே.

"நாளைக்கும் ஒரு லோடு சொல்லிவைக்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

இரண்டாகச் சொல் என்றேன்.